மலைமேல் ஒரு கடிகாரம்

எம்.எஸ்ஸி. (பௌதிகம்), இரண்டாம் ஆண்டு



சென்ற ஆண்டு நம் மன்றக் கூட்டம் ஒன்றில் ‘கருந்துளைகள்’ என்னும் பொருள்பற்றி அரை மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்ததும் பி.எஸ்ஸி. முதலாண்டுத் தம்பி ஒருவர் எழுந்தார். “அண்ணா, ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெல்ல ஓடும் என்கிறீர்கள். அப்படியானால் கீழே திருப்பதியில் உள்ள கடிகாரமும் மேலே திருமலையில் உள்ள கடிகாரமும் ஒன்றுபோல் ஓடக் கூடாதே? மலைமேல் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் அங்கே கடிகாரம் விரைந்து ஓடுமா?” என்று கேட்டார். “ஆம், அதனாலேதான்” என்று தயங்காமல் விடை சொன்னேன். கைதட்டினார்கள், தேநீர் வந்தது, கலைந்தோம்.

அவ்விடையில் பாதி சரி, பாதி தவறு. மலைமேல் கடிகாரம் விரைந்து ஓடும் என்பது உண்மை. அங்கே ஈர்ப்பின் வலிமை குறைவு, அதுவே காரணம் என்பது பிழை. நான் இதனை உணர்வதற்குள் அந்தத் தம்பி ஒரு கட்டுரைப் போட்டியில் நான் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். நடுவர் சிவப்பு மையால் சுழித்திருந்த தாளைக் கொண்டுவந்து காட்டி, “நீங்கள் சொன்னதுதானே அண்ணா?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திராது. அன்று பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நாம் பாடம் படிப்பது ஆங்கிலத்தில், கடைவீதியில் பேசுவது தெலுங்கில், வீட்டில் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு சூத்திரத்தை ஒப்பித்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. அதையே தமிழில் ஒருவருக்குச் சொல்லப் புகும்போதுதான் ஓட்டை எங்கே என்பது தெரிகிறது. எனக்குத் தெரிந்த விதம் அதுதான்.

முதலில் மலையைப் பார்ப்போம். திருப்பதி நகரத்திலிருந்து திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை தரும் கணக்கு, இத்தகைய சிறு உயரங்களுக்கு, மிக எளியது. ஈர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 9.8-ஐ 700-ஆல் பெருக்கினால் 6,860. ஒளி நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்வது. அதன் வர்க்கமோ 9-க்குப் பின் 16 சுழிகள் கொண்ட பேரெண். வகுத்துப் பார்த்தால் 13 லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வருகிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஆகவே திருமலைக் கடிகாரம் நாள் ஒன்றுக்குத் திருப்பதிக் கடிகாரத்தைவிடச் சுமார் ஆறரை நானோ நொடி முந்துகிறது. நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு. ஓர் ஆண்டு முழுதும் சேர்த்தாலும் 2.4 மைக்ரோ நொடிதான்.

என் தந்தையார் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். மலைமேல் ஒரு சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சமையல் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் கீழே இறங்கி வருவார். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று, “அப்பா, நீங்கள் மலைமேலேயே இருப்பதால் எங்களைவிட 29 மைக்ரோ நொடி கூடுதலாக வயதாகிவிட்டீர்கள்” என்றேன். “அவ்வளவுதானாடா? அடுப்பு முன்னால நிக்கிறவனுக்கு அதைவிட அதிகமாவே ஆகியிருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இனி, இவ்வாறு ஏன் நிகழ வேண்டும் என்பதற்கு வருவோம். மலையுச்சியிலிருந்து ஒரு தேங்காயைக் கீழே போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழ விழ அது வேகம் கொள்கிறது, ஆற்றல் பெறுகிறது. அடிவாரத்தில் அந்தத் தேங்காயையும் அது பெற்ற ஆற்றலையும் சேர்த்து முழுவதும் ஒளியாக மாற்றிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். அவ்வொளியை மேல்நோக்கி அனுப்பி, உச்சியில் மறுபடி தேங்காயாக்கினால் என்ன கிடைக்கும்? ஏறி வரும் வழியில் ஒளி எதையும் இழக்காது என்றால், முதலில் இருந்த தேங்காயோடு உபரியாகக் கொஞ்சம் ஆற்றலும் மிஞ்சும். மறுபடி போடலாம், மறுபடி மிச்சம் பிடிக்கலாம். செலவின்றி ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். இயற்கை அத்தகைய கள்ளக் கணக்கை அனுமதிப்பதில்லை. ஆதலின் மேலே ஏறும் ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தே தீர வேண்டும். ஒளியின் ஆற்றல் குறைந்தால் அதன் அதிர்வெண் குறையும். நீலம் சிவப்பை நோக்கி நகரும். இதனைச் சிவப்புப் பெயர்ச்சி என்பர்.

ஒளியின் அதிர்வே ஒரு கடிகாரம் அன்றோ? கீழே இருப்பவர் தம் கடிகாரப்படி நொடிக்கு இத்தனை அலை என்று அனுப்புகிறார். மேலே இருப்பவர் தம் கடிகாரப்படி எண்ணினால் நொடிக்குக் குறைந்த அலைகளே வருகின்றன. வழியில் அலைகள் எவையும் தொலைந்துபோகவில்லை. அனுப்பியவை எல்லாம் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் கீழுள்ள கடிகாரம் மெல்ல ஓடுகிறது என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நான் தவறிய இடம் இங்கேதான் இருக்கிறது. மேற்சொன்ன வாதத்தில் மலையுச்சியில் ஈர்ப்பு வலிமை குறைவு என்று நாம் எங்கும் சொல்லவே இல்லை. உண்மையில் அது குறைவுதான். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. எழுபது கிலோ மனிதர் மேலே போனால் பத்துப் பதினைந்து கிராம் குறைத்துக் காட்டும் அளவு. ஆனால் அடிவாரத்திலும் உச்சியிலும் ஈர்ப்பு எள்ளளவும் மாறாமல் ஒன்றாகவே இருந்தாலும் கடிகாரங்கள் வேறுபடும். அதே ஆறரை நானோ நொடி வேறுபடும். ஏனெனில் கணக்கில் வருவது, நிற்கும் இடத்தில் ஈர்ப்பு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதன்று. அங்கிருந்து வெளியே ஏறுவதற்கு மொத்தம் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதே. வலிமை அன்று, ஆழம்.

அலிபிரியிலிருந்து படியேறிப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வழியில் பாதி தூரம் காட்டுப் பாதை சமமாகவே போகும். பிறகு ‘மோகாலி மெட்டு’ வரும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய செங்குத்துப் படிகள். நீங்கள் இப்போது நிற்கும் படி செங்குத்தா சரிவா என்பது ஒரு செய்தி. உச்சிக்கு இன்னும் எத்தனை படி மிச்சம் என்பது வேறு செய்தி. கடிகாரம் கேட்பது இரண்டாவதை.

இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு நிலவுலகின் மையம். அங்கே எல்லாத் திசையிலும் இழுப்பு சமமாகி, ஈர்ப்பின் வலிமை சுழியாகிவிடும். நான் மன்றத்தில் சொன்னது சரியானால் அங்கேதான் கடிகாரம் மிக விரைந்து ஓட வேண்டும். உண்மையில் உலகிலேயே மிக மெல்ல ஓடுவது அவ்விடத்துக் கடிகாரம்தான். ஏறி வரவேண்டிய ஆழம் அங்கேதான் மிகுதி. 2016-இல் வெளியான ஒரு கணக்கின்படி, பூமி தோன்றிய நாள்முதல் அதன் மையம் மேற்பரப்பைவிடச் சுமார் இரண்டரை ஆண்டு இளமையாக இருக்கிறது. ஒரு கோளின் நடுப்பகுதியும் தோலும் ஒத்த வயதினவல்ல என்பதை முதன்முதல் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவையெல்லாம் தாளில் போட்ட கணக்குத்தானா, யாரேனும் அளந்து பார்த்தார்களா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டு, ரெப்கா என்னும் இருவர், 22.5 மீட்டர் உயரமே உள்ள ஒரு கோபுரத்தில் அளந்தார்கள். இரும்பு அணுக்கருவிலிருந்து வரும் காமாக் கதிரை மேலும் கீழும் அனுப்பி, கொள்கை சொன்ன பெயர்ச்சி இருப்பதைக் காட்டினார்கள். திருமலையின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு அது! 2020-இல் ஜப்பானியர் டோக்கியோ நகரின் ஸ்கைட்ரீ கோபுரத்தில், தரைமட்டத்தில் ஒன்றும் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு ஒளியியல் அணுக்கடிகாரங்களை வைத்து, நாளொன்றுக்கு நாலேகால் நானோ நொடி வேறுபாட்டை நேராகவே கண்டார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குப் பயன்பாடும் உண்டு. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2013 ஜூலை 1 அன்று நாவிக் என்னும் இந்திய வழிகாட்டி அமைப்பின் முதல் விண்கலம் புறப்பட்டது. அவ்வமைப்பின் விண்கலங்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உலவுகின்றன. அங்குள்ள அணுக்கடிகாரம், உயரத்தின் பயனாக நாளொன்றுக்குச் சுமார் 51 மைக்ரோ நொடி முந்தும். ஆனால் அது ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஓடும் கடிகாரம் மெல்லச் செல்லும் என்பது ஐன்ஸ்டைனின் முந்தைய கொள்கை. அதனால் நாலரை மைக்ரோ நொடி பிந்தும். கழித்தால் மிச்சம் 46 சொச்சம். அந்த 46 மைக்ரோ நொடியில் ஒளி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றுவிடும்! வழிகாட்டும் கருவிக்கு ஒளி வந்த நேரமே தூரம். ஆகவே இதைத் திருத்திக்கொள்ளாமல் அத்தொழில் நடவாது. 2023 மே 29 அன்று அனுப்பிய என்.வி.எஸ்-01 விண்கலத்தில் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் சென்றது.

இனி நிலவுலகை விட்டுச் சற்று ஆழமான கிணறுகளுக்குப் போவோம். சூரியப் பரப்பிலுள்ள கடிகாரம், வெகு தொலைவில் உள்ளதைவிட 4 லட்சத்து 70 ஆயிரத்தில் ஒரு பங்கு மெல்ல ஓடும். இப்பெயர்ச்சியைத் தேடிய முன்னோடிகளுள் ஒருவர் நம் கொடைக்கானல் வான்காட்சிச் சாலையின் இயக்குநராய் இருந்த ஜான் எவர்ஷெட். முதல் உலகப் போரின் காலத்திலும் அதற்குப் பின்னும் பழனி மலைமேல் உட்கார்ந்துகொண்டு, சூரிய நிறமாலையின் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். வேலை எளிதாக இருக்கவில்லை. கொள்கை சொல்லும் பெயர்ச்சி, நொடிக்கு 633 மீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகும் பொருளின் ஒளி காட்டும் பெயர்ச்சிக்குச் சமம். சூரியப் பரப்பின் வாயுக்களோ பொங்கும் பால்போல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவ்வோட்டமும் கோடுகளை நகர்த்தும். எது ஈர்ப்பால் வந்தது, எது ஓட்டத்தால் வந்தது என்று பிரிப்பதற்குள் விஞ்ஞானிகளுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

சூரியனைவிட ஆழமான கிணறு வெண்குறுமீன். சீரியஸ் விண்மீனின் துணைவன் அத்தகையது. சூரியனையொத்த பொருண்மை, உருவமோ ஏறக்குறைய நம் பூமி அளவே. அங்கே மூவாயிரத்து எழுநூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் காலம் மெலிகிறது. இத்தகைய மீன் எவ்வளவு பொருண்மைவரை தன் கனத்தைத் தானே தாங்கும் என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர், பயணத்தின்போதே கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதற்கு மேல் தாங்காது. அக்கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள், ஆதலால் விரிக்கவில்லை. தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதே நமக்கு வேண்டும். ஒருவேளை நியூட்ரான் மீனாகி நிற்கும். அதன் பரப்பில் காலம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே மெலிந்துவிடும். அதுவும் தாங்காத அளவு பொருண்மையென்றால் சரிவை நிறுத்த அறியப்பட்ட ஆற்றல் எதுவும் இல்லை. கிணற்றின் ஆழம் முழுமையாகிவிடும். ஒளி ஏறி வர முயன்றால் தன் ஆற்றல் முழுவதையும் வழியிலேயே இழந்துவிடும். அதுவே கருந்துளை.

சூரியனைக் கருந்துளையாக்க வேண்டுமானால் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுக்க வேண்டும். பூமியை என்றால் 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு கோலிக்குண்டுக்குள். இந்த அளவு 1916-இல் வெளியான ஷ்வார்ஸ்சைல்டின் கணக்கிலிருந்து வருவது. அந்த ஆரத்தில் உள்ள எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். அதற்குள் நிகழ்வது எதுவும் வெளியே தெரியாது.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சி விழுங்கும் பூதம் என்று காணொளிகள் அச்சுறுத்துகின்றன. என் தாயார் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார், “இது நம்ம பக்கம் வருமாடா?” என்று. சூரியன் இருக்குமிடத்தில் அதே பொருண்மையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இன்று சுற்றும் பாதையிலேயே சுற்றும். ஒரு முழம்கூட உள்ளே இழுக்கப்படாது. வெளிச்சம் இருக்காது, குளிரில் மடிவோம். அது வேறு கதை.

எல்லையில் ஈர்ப்பு நம்மைக் கிழித்துவிடும் என்பதும் எல்லாக் கருந்துளைக்கும் பொருந்தாது. சிறிய கருந்துளையென்றால் கிழிக்கும். நம் பால்வீதியின் மையத்தில் உள்ளது 43 லட்சம் சூரியப் பொருண்மை கொண்டது. அதன் எல்லையைக் கடந்து விழும் மனிதரின் தலைக்கும் காலுக்கும் இடையே உள்ள இழுப்பு வேறுபாடு, இங்கே நாம் உணரும் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அவருக்கு ஒன்றும் தெரியாது. காட்பாடியில் ரயிலேறிச் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வருகிறோமே, தமிழ்நாடு எங்கே முடிந்தது என்று வண்டி குலுங்கிச் சொல்கிறதா? பழைய நூல்கள் தமிழகத்தின் வடவெல்லை என்று சொல்லும் வேங்கடத்தின் அடிவாரத்தில்தான் நாம் படிக்கிறோம். இங்கும் எந்தக் கோட்டையும் நிலத்தில் காணோம். நிகழ்வெல்லையும் அத்தகையதே. கடப்பவருக்கு அங்கே சுவர் இல்லை, கோடு இல்லை. நம்முடைய எல்லைக்கும் அதற்கும் வேற்றுமை ஒன்றுதான்: பொங்கலுக்கு ஊர் திரும்ப நமக்கு வண்டி உண்டு.

வெளியே பாதுகாப்பாக நிற்பவர் காண்பதோ வேறு. விழுபவரின் கடிகாரம் மெல்ல மெல்லத் தளர்வதையும், அவரிடமிருந்து வரும் ஒளி சிவந்து மங்கி மறைவதையும் அவர் காண்பார். எல்லையின் ஆரத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலே, சரியாகச் சொன்னால் மூன்றில் நான்கு மடங்குத் தூரத்தில், ஒருவர் எப்படியோ விழாமல் நிலைத்து நின்றால், அவருக்கு ஒரு மணி ஆகும்போது வெளியே இரண்டு மணி ஆகியிருக்கும். இது சுழலாத கருந்துளைக்கான கணக்கு. திருமலையில் ஆறரை நானோ நொடியாக இருந்ததே இங்கே மணிக்கணக்காக வந்து நிற்கிறது. இரண்டும் ஒரே விதி. ஆழம் மட்டுமே வேறு.

காணமுடியாத பொருளின் அருகே இதெல்லாம் நடக்கிறது என்பதற்குச் சான்று என்ன? மிகத் தூய்மையான சான்று ஒரு தனி விண்மீன் தந்தது. எஸ்-2 என்னும் அவ்விண்மீன் பால்வீதி மையத்தின் கருந்துளையைப் பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. 2018 மே மாதம் அது மிக நெருங்கி, எல்லையின் ஆரத்தைப் போல் 1,400 மடங்குத் தொலைவில், நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வளைந்து சென்றது. அப்போது அதன் ஒளியில், நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான உபரிச் சிவப்புப் பெயர்ச்சி தெரிந்தது. ஏறத்தாழ ஒரு பாதி வேகத்தால் வந்தது. மறு பாதி ஆழத்தால் வந்தது. நாவிக் கடிகாரத்துக்கு நாம் போட்ட இரண்டு கணக்குகளே இவை. அங்கே ஒன்றையொன்று கழித்தோம், இங்கே கூட்டுகிறோம். இம்மையப் பொருளைக் கண்டறிந்ததற்காக 2020-இல் கென்செல், கெஸ் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். உடன் பரிசு பெற்ற பென்ரோஸ் 1965-இல் நிறுவிய தேற்றத்துக்கு அடித்தளமாக அமைந்தது, 1955-இல் கல்கத்தாவிலிருந்து அமல் குமார் ராய்சௌத்ரி வெளியிட்ட சமன்பாடு.

எஸ்-2 கூடத் தொலைவில்தான் நின்றது. இன்னும் நெருங்க வேண்டுமானால் கருந்துளையைச் சுற்றித் தட்டுப்போல் சுழலும் வாயுவைப் பார்க்க வேண்டும். அது கோடிக்கணக்கான பாகை சூடேறி எக்ஸ் கதிர் வீசுகிறது. அவ்வாயுவில் உள்ள இரும்பு அணுக்கள் குறிப்பிட்ட ஓர் ஆற்றலில் எக்ஸ் கதிர்க் கோடு ஒன்றைத் தரும். ஆய்வுக்கூடத்தில் அது ஊசிபோல் கூர்மையானது. 1995-இல் ஜப்பானின் அஸ்கா விண்கலம் ஒரு தொலைவான அண்டத்தின் மையத்தில் அதைக் கண்டபோது, கோடு ஒரு பக்கம் இழுபட்டு, சிவப்புப் பக்கம் நீண்ட வாலோடு இருந்தது. வாயு எவ்வளவு உள்ளே சுற்றுகிறதோ அவ்வளவு ஆழத்திலிருந்து ஒளி ஏறி வர வேண்டும், அவ்வளவு இழக்கும். வெவ்வேறு ஆழங்களிலிருந்து வந்தவை ஒன்றுசேர்ந்தே அந்த வால். ஹார்வர்டு கோபுரத்தில் வேலை செய்த அதே இரும்பு, கருந்துளையின் கரையிலும் நமக்குக் கடிகாரமாக இருக்கிறது.

எக்ஸ் கதிர் காற்று மண்டலத்தைக் கடந்து வராது. கொடைக்கானல் போனாலும் காணாது, இமயம் போனாலும் காணாது. காற்றுக்கு மேலேயே போக வேண்டும். அதற்கான வாயில் நமக்கு நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் சென்றது. ஐந்தாண்டுப் பணிக்கென அனுப்பியது, அதற்குப் பின்னும் உழைத்தது. கருட மண்டலத்தில் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்றொரு கருந்துளை உண்டு. சூரியனைப் போல் சுமார் 12 மடங்கு. அதன் எக்ஸ் கதிர் நொடிக்கு 67 முதல் 72 முறை துடிப்பதை ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்தது. பூமியைவிடப் பல லட்சம் மடங்கு பொருண்மை; துடிப்போ தம்பூராக் கம்பியைப் போல! துடிப்பின் காரணம்பற்றி அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. எனினும் வாயு மிக அருகில் வளைய வருகிறது என்பதில் ஐயமில்லை.

2024 சனவரி முதல் நாள் காலை எக்ஸ்போசாட் புறப்பட்டபோது நான் நேரில் பார்த்தேன். முந்தின இரவே இரண்டு நண்பர்களோடு சூலூர்ப்பேட்டைக்குப் போய், பழவேற்காட்டு ஏரிப் பக்கம் சாலையோரத்தில் காத்திருந்தோம். 9 மணி 10 நிமிடத்துக்குப் பி.எஸ்.எல்.வி. சி-58 எழுந்தது. ஒளி முதலில் வந்தது. ஓசை வெகு நேரம் கழித்து வந்து நெஞ்சில் மோதியது. பக்கத்தில் நின்ற மீன்காரப் பெரியவர், “இது எங்கப்பா போவுது?” என்று தமிழில் கேட்டார். “கருந்துளையைப் பார்க்க, தாத்தா” என்றேன். “அதுதான் கறுப்பாச்சே, எப்படிப் பார்க்கும்?” என்றார். மூன்று எம்.எஸ்ஸி. மாணவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கருந்துளையைச் சுற்றியுள்ள சூடான வாயுவின் கதிர் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை அளக்கும் கருவி அதில் இருந்தது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தார் செய்தது. அதிர்வுத் தளம் தெரிந்தால் அவ்வாயு எவ்வடிவில் அமைந்துள்ளது என்பது தெரியவரும். இப்போது கேட்டால் சொல்லுவேன்; அன்று வாய் வரவில்லை.

ஒளியே இல்லாத சான்றும் ஒன்று உண்டு. பெங்களூரில் பிறந்த சி. வி. விசுவேசுவரா 1970-இல் ஒரு கணக்குப் போட்டார். கருந்துளையை ஈர்ப்பு அலையால் தட்டினால் என்ன ஆகும்? மணியைத் தட்டினால் போல் அது தனக்கே உரிய சுருதியில் ஒலித்து, விரைவில் அடங்கும் என்று கண்டார். அந்நாளில் கருந்துளை உண்டா என்பதே உறுதியில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதால் எழுந்த அலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் உணர்ந்தன. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் சேர்ந்து 62 மடங்காயின; மிச்சம் 3 சூரியப் பொருண்மை அலையாகவே போயிற்று. பதிவின் இறுதியில், கணக்குச் சொன்னவாறே, மணி அடங்கும் அந்தத் தேய்வொலி இருந்தது. செய்தி 2016 பிப்ரவரியில் வெளியாயிற்று. விசுவேசுவரா அதைக் கண்டு, அடுத்த ஆண்டு சனவரியில் மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டு காத்திருந்த கணக்கு அது. மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இத்தகைய கருவியொன்றை அமைக்க 2023-இல் மைய அரசு ஒப்புதல் தந்தது. நம்மில் சிலருக்கேனும் அங்கே வேலை இருக்கும்.

மன்றத்தில் கேட்ட கேள்விக்கு மீண்டும் வருகிறேன். தம்பி, மலைமேல் கடிகாரம் விரைந்து ஓடுகிறது. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அன்று. அங்கிருந்து வெளியேற இன்னும் ஏறவேண்டிய உயரம் 700 மீட்டர் குறைவு என்பதால். அந்தத் தாளில் நடுவர் சுழித்தது சரியே. சுழிக்கப்பட வேண்டியவன் நான். அவர் இப்போது படிப்பை வேறோர் ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். இவ்விதழில் ஒரு படியை அவருடைய வீட்டு முகவரிக்கு அனுப்புமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அஞ்சல் செலவு என்னுடையது.